பேஸ்பாலில் இன்ஃபீல்டு ஃப்ளை என்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) செல்லுமா?

பாலக்கோடு பி.இ.டி.

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அடிப்படையில் நான் கபடிக்காரன், பதினோரு வருடம் கபடிக்கு விசில் ஊதியவன். பேஸ்பாலுக்கு அம்பயராக நிற்பது இது இரண்டாவது வருடம். போன சனிக்கிழமை நடந்தது மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. விவரமாகவே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தர்மபுரிக்குப் பக்கத்தில் இரண்டு பள்ளிகளுக்கு நட்பு ஆட்டம். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன்கள். செம்மண் மைதானம். காலையில் தண்ணீர் தெளித்து சுண்ணாம்பில் கோடு போட்டோம், பத்து மணிக்கெல்லாம் காய்ந்து புழுதி கிளம்பிவிட்டது. நான் பேட்டர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் நின்றேன். பேஸ் பக்கம் நின்ற ஆசிரியருக்கும் ஆட்டம் புதிது.

கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் வித்தியாசம், ஒரு அவுட். ஃபர்ஸ்ட் பேஸிலும் செகண்ட் பேஸிலும் ரன்னர்கள் நிற்கிறார்கள். பேட்டர் அடித்த பந்து செங்குத்தாக மேலே போனது. செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கிற ஃபீல்டர், அதாவது ஷார்ட் ஸ்டாப், இரண்டடி பின்னால் போய், கையுறையை நெற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். அவன் பிடித்துவிடுவான் என்று ரன்னர்கள் இரண்டு பேரும் பேஸை விட்டு நாலடி நகரவில்லை. எனக்கு மனதில் ‘இன்ஃபீல்டு ஃப்ளை’ என்று வந்தது, வாயில் வரவில்லை. பந்து கீழே விழுந்தது. அவன் பதறாமல் எடுத்துத் தேர்டுக்கு எறிந்தான், அங்கிருந்து செகண்டுக்குப் போனது. பேஸ் அம்பயர் இரண்டு அவுட் காட்டினார். ஆட்டம் முடிந்தது.

தோற்ற அணியின் கோச் வந்து, “சார், அது இன்ஃபீல்டு ஃப்ளை இல்லீங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டார். “நான் சொல்லலைன்னா இல்லைங்க சார்” என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் செகண்டில் நின்ற பையன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான் என்ன சார் பண்ணியிருக்கணும்?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் கொடுத்தது சரியா? தப்பு என்றால், அந்த இடத்தில் நின்று திருத்தியிருக்க வழி இருந்ததா?

ஓசூர் பிளேட் அம்பயர்

வணக்கம் சார். முதலில் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பந்து கீழே விழுவதற்கு முன் ஷார்ட் ஸ்டாப் கையுறையில் பட்டதா, படாமல் நேராகத் தரையில் விழுந்ததா? பதில் அதைப் பொறுத்துத்தான்.

நீங்கள் பதில் போடுவதற்குள் அந்தப் பையன் கேட்டதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விதியே அவனுக்காகத்தான் வந்தது. பந்து மேலே இருக்கும்போது அவன் ஓடினால், பந்தைப் பிடித்துவிட்டு, அவன் திரும்பி வருவதற்குள் செகண்டுக்கு எறிந்து அவனை அவுட் ஆக்கலாம். நின்றால், பந்தை வேண்டுமென்றே விட்டு, தேர்டுக்கு எறிந்து அவுட் ஆக்கலாம்; பந்து பிடிபடாவிட்டால் பேட்டர் ஃபர்ஸ்டுக்கு வருவதால் முன்னால் நிற்பவர்கள் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். ஓடினாலும் தப்பு, நின்றாலும் தப்பு. 1890-களில் அமெரிக்காவில் ஃபீல்டர்கள் இப்படிப் பந்தை விட்டு விட்டு இரண்டு இரண்டாக அவுட் எடுத்ததால்தான் இந்த விதியைக் கொண்டுவந்தார்கள்.

விதி கேட்பது இவ்வளவுதான்: ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள் இருக்க வேண்டும், அல்லது மூன்று பேஸிலும் இருக்க வேண்டும். இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது. உயரமாக எழும்பிய ஃபேர் பந்தை (ஃபவுல் கோடுகளுக்கு உள்ளே இருக்கும் பந்தை) ஒரு இன்ஃபீல்டர், அதாவது பேஸ்கள் பக்கம் நிற்கும் ஃபீல்டர், சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தரைக்கு இணையாகச் சீறுகிற லைன் டிரைவும், மட்டையை வீசாமல் மெதுவாகத் தட்டும் பண்ட் அடிக்கப் போய் எழும்பிய பந்தும் இதில் சேராது. இதெல்லாம் பொருந்தினால் பந்து மேலே இருக்கும்போதே அம்பயர் ‘இன்ஃபீல்டு ஃப்ளை, பேட்டர் அவுட்’ என்று அறிவிக்க வேண்டும். பேட்டர் அவுட் ஆகிவிட்டால் மற்ற இருவருக்கும் ஓடியே ஆக வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. பந்து விழுந்தாலும் நிம்மதியாகப் பேஸில் நிற்கலாம்.

ஃபர்ஸ்டில் மட்டும் ஆள் இருந்தால் ஏன் இந்த விதி கிடையாது என்று பலரும் கேட்பார்கள். அப்போது பேட்டர் ஒழுங்காக ஓடினாலே ஃபர்ஸ்டைத் தொட்டுவிடுவான், இரண்டு அவுட் எடுக்க முடியாது. ஓடாத பேட்டரைக் காப்பாற்றுவது விதியின் வேலை இல்லை.

காவேரிப்பட்டணம் சாஃப்ட்பால்

சார், நான் பெண்கள் சாஃப்ட்பால் கோச். எங்களுக்கும் இந்த விதி உண்டு, எங்களுக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது. விதி தெரியாமல் வாய் அடைத்துப் போகவில்லை உங்களுக்கு. பந்து அடித்த பிறகுதான் ‘எத்தனை அவுட், எங்கே ஆள்’ என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். அதற்குள் பந்து கீழே வந்துவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள் வந்த உடனே, அடுத்த பந்து போடும் முன், பிளேட்டில் நிற்பவர் தொப்பி முனையைத் தொட வேண்டும். பேஸ் அம்பயரும் தொட்டுக் காட்ட வேண்டும். ‘இப்போது இன்ஃபீல்டு ஃப்ளை வரலாம்’ என்று அதற்கு அர்த்தம். இதை ஆட்டத்துக்கு முன்னாடியே இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறந்தாலும் மற்றவர் கத்திவிடுவார். யார் கத்தினாலும் செல்லும்.

அப்புறம், கத்துவது என்றால் கத்த வேண்டும். எங்கள் மைதானம் நெடுஞ்சாலை ஓரம். லாரி ஹாரனைத் தாண்டி செகண்டில் நிற்கும் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். வலது கையை நேராக மேலே தூக்குங்கள், காதில் விழாதவர் கண்ணிலாவது படும். பந்து ஏறும்போது கத்தாதீர்கள், உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது ஃபீல்டர் கால் நிலைகொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கத்துங்கள்.

பாலக்கோடு பி.இ.டி.

இருவருக்கும் நன்றி. ஓசூர் சார், பட்டது. கையுறையின் நுனியில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டியதை அப்படியே சரிய விட்டான். தெரிந்து விட்டான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அவன் முகத்திலேயே தெரிந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது. இந்தப் பையன்களுக்கு எது ‘சாதாரண முயற்சி’? எங்கள் மைதானத்தில் தேர்ட் பேஸ் பக்கம் ஒரு புளியமரக் கிளை கோட்டுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பந்து பட்டால் என்ன செய்வது?

ஓசூர் பிளேட் அம்பயர்

கையுறையில் பட்டது என்றால் உங்களுக்கு வழி இருந்தது சார். அது வேறொரு விதி. இரண்டு அவுட் ஆவதற்கு முன், ஃபர்ஸ்டில் ஆள் இருக்கும்போது, இன்ஃபீல்டர் ஒரு ஃபேர் ஃப்ளையையோ லைன் டிரைவையோ வேண்டுமென்றே நழுவவிட்டால், பந்து அங்கேயே டெட், அதாவது ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். பேட்டர் அவுட், ரன்னர்கள் இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ஃபர்ஸ்டில் மட்டும் ஆள் இருந்தாலும் இது செல்லும். ஆனால் பந்து படாமல் தானாகத் தரையில் விழ விட்டால் இந்த விதி பொருந்தாது. அதனால்தான் அதை முதலில் கேட்டேன்.

நீங்கள் இன்ஃபீல்டு ஃப்ளை சொல்லியிருந்தால் அந்த விதிதான் முந்தும், வேண்டுமென்றே விட்டாலும் பந்து உயிரோடுதான் இருக்கும். நீங்கள் சொல்லவில்லை. ஆகவே ‘வேண்டுமென்றே விட்டான்’ என்று உடனே ‘டைம்’ சொல்லியிருக்கலாம். எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றுதான்: பேட்டர் அவுட், மொத்தம் இரண்டு அவுட், ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள், இன்னொரு பேட்டருக்கு வாய்ப்பு.

படாமல் விழுந்திருந்தால்? இங்கே அம்பயர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அறிவிக்கவில்லை என்றால் இன்ஃபீல்டு ஃப்ளை இல்லை, ஆடியது ஆடியதுதான் என்பது ஒன்று. அறிவிப்பு தவறியதால் ஒரு அணி மாட்டிக்கொண்டால் அம்பயர்கள் கூடிப் பேசிச் சரிசெய்யலாம் என்பது இன்னொன்று. புத்தகத்தில் நேராகச் சொல்லாத விஷயத்தில் முடிவெடுக்க அம்பயருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த டபுள் பிளேயை நான் விட மாட்டேன். அம்பயர் சொல்லாமல் விட்டதால்தான் அந்த இரண்டு பையன்களும் மாட்டிக்கொண்டார்கள். பேஸ் அம்பயரைக் கூப்பிட்டு, யார் காதிலும் விழாத தூரத்தில் பேசி, இரண்டு கோச்சையும் ஒன்றாக நிறுத்தி முடிவைச் சொல்லியிருப்பேன்.

அந்த கோச் கேட்டது முறையான கேள்வி என்பதையும் மனதில் வையுங்கள். சேஃபா அவுட்டா, ஸ்டிரைக்கா பாலா என்ற தீர்ப்பில் வாதாட யாருக்கும் உரிமை இல்லை. விதியைப் பயன்படுத்தியதில் தப்பு இருந்தால் கோச் வந்து கேட்கலாம். அவர் வந்தது இரண்டாவதுக்கு.

‘சாதாரண முயற்சி’க்குப் புத்தகத்திலேயே விளக்கம் இருக்கிறது. அந்த மட்டத்தில் ஆடும் சராசரி ஆட்டக்காரனின் முயற்சி, மைதானத்தையும் வானிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. பெரிய லீக் ஆட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதை ஒன்பதாவது படிக்கும் பையன் ஆடிக் காற்றில் மூன்று தடவை திசை மாறி ஓடித்தான் பிடிப்பான் என்றால், அதற்கு அறிவிக்கக் கூடாது. பந்து விழும் இடம் முக்கியமில்லை, இன்ஃபீல்டர் அங்கே வசதியாக வந்துவிட்டானா என்பதுதான். 2012 அக்டோபரில் அட்லாண்டாவில், அமெரிக்கப் பெரிய லீக்கில், தோற்றால் வெளியேற வேண்டிய ஒரு வைல்டு கார்டு ஆட்டம். ஷார்ட் ஸ்டாப் அவுட்ஃபீல்டு புல்வெளிக்குள் வெகுதூரம் பின்வாங்கி ஓடி, பந்துக்குக் கீழே வந்தார், கடைசி நொடியில் விலகிவிட்டார். லெஃப்ட் ஃபீல்டு அம்பயர் சாம் ஹோல்புரூக் அதற்குள் கையைத் தூக்கிவிட்டார். கூட்டம் பாட்டில்களை எறிந்து ஆட்டமே நின்றது. அந்தத் தூரத்தில் சொல்லலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆனால் பந்து கீழே வந்துவிட்ட நேரத்தில் சொன்னது யாருக்கு உதவியது? அந்த வீடியோவை எந்தப் பக்கமும் சேராமல் பாருங்கள், பாதிப் பாடம் அதில் இருக்கிறது.

பந்து ஃபவுல் கோட்டை ஒட்டி எழும்பினால் ‘இன்ஃபீல்டு ஃப்ளை, ஃபேராக இருந்தால்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிடிபடாமல் ஃபவுலாகப் போனால் அது வெறும் ஃபவுல்தான்.

புளியமரத்துக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே வழி செய்துவிடுங்கள். இரண்டு கோச்சையும் மரத்தடிக்கே கூட்டிப்போய், கிளையில் பட்டால் என்ன என்று பேசி முடியுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பிளேட் அம்பயர் சொல்வதுதான். கிளையில் பட்டதும் பந்து டெட், அதை மறுபடி போட வேண்டும் என்று நான் வைத்துக்கொள்வேன்.

அரூர் கல்லூரி மாணவன்

ஐயா, நான் செகண்ட் பேஸ் ஆடுகிறேன். ஃபர்ஸ்ட் பேஸில் காலும் பந்தும் ஒரே நேரத்தில் வந்தால் ரன்னருக்குத்தான் என்று எங்கள் சீனியர் அண்ணன்கள் சொல்வார்கள். கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு என்கிற மாதிரி. அது விதியா?

ஓசூர் பிளேட் அம்பயர்

‘ஒரே நேரம்’ என்று புத்தகத்தில் ஒரு வார்த்தையே இல்லை தம்பி. பேட்டர் ஃபர்ஸ்டைத் தொடுவதற்கு முன் ஃபீல்டர் பந்தோடு அவனையோ பேஸையோ தொட்டுவிட்டால் அவுட், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அம்பயர் முன்னா பின்னா என்று பார்க்கிறார், சந்தேகத்தின் பலன் எல்லாம் இங்கே இல்லை. கண் ரன்னரின் காலிலும் பேஸிலும் இருக்க வேண்டும், காது கையுறையில் பந்து விழும் சத்தத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்க்கப் போனால் இரண்டும் தவறும்.

அப்படி நின்றும் தவறலாம். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பந்து போட்ட அர்மாண்டோ கலராகா வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கிவிட்டார், இன்னும் ஒருவர் அவுட் என்றால் எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத பெர்ஃபெக்ட் கேம். 27-வது பேட்டர் ஃபர்ஸ்டில் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்று கையை விரித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் வீடியோவைப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லி, கலராகாவிடமே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பிளேட்டுக்குப் பின்னால் அவர்தான். ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் கலராகா.

பாலக்கோடு சார், முடிந்துபோன ஆட்டத்தின் முடிவை இனி மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பையனுக்குப் பதில் பாக்கி இருக்கிறது, அதை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

பாலக்கோடு பி.இ.டி.

நேற்று சாயந்திரம் அந்தப் பள்ளிக்குப் போனேன். கோச்சிடம் முதலில் பேசினேன். தப்பு என்னுடையது, நீங்கள் கேட்டது சரி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு செகண்டில் நிற்க வைத்தேன். இன்னொருவனை ஃபர்ஸ்டில் நிறுத்தி, ஷார்ட் ஸ்டாப் இடத்துக்கு நானே பந்தை மேலே எறிந்தேன். உச்சிக்குப் போனதும் வலது கையைத் தூக்கி, “இன்ஃபீல்டு ஃப்ளை, பேட்டர் அவுட்!” என்று கத்தினேன். பள்ளி வாசலில் சைக்கிள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்துப் பதினைந்து தடவை செய்தோம். நீ அன்றைக்கு நின்றது சரிதான், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் கொஞ்சம் யோசித்து, “சார், நீங்க கத்தின பிறகு பந்து கீழ விழுந்தா நான் தேர்டுக்கு ஓடலாமா?” என்றான். ஓடலாம், ஆனால் கட்டாயம் இல்லை, ஃபீல்டர் பேஸை மிதித்தால் மட்டும் நீ அவுட் ஆகாது, பந்தோடு உன்னைத் தொட வேண்டும் என்றேன்.

தேர்டில் ஃபீல்டராக நின்றவன் பேஸை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறான் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்படின்னா சில நேரம் ஓடலாம் சார்” என்றான்.