கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றிய பிறகு வெப்பநிலை முள் ஏறி இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

நெடுவழி:
எங்களுடையது சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள மினிவேன். ரேடியேட்டர் முன்பக்கம். வாட்டர் பம்ப் ஒழுகியதால் ஞாயிற்றுக்கிழமை பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), இரண்டு ஹோஸ் எல்லாம் நானே மாற்றினேன். இப்போது பத்து நிமிடம் ஓடினால் முள் முக்காலுக்கு ஏறுகிறது, சட்டென்று பாதிக்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. கீழே சொட்டு ஒழுக்குகூட இல்லை. வடித்த கூலண்ட் 5 லிட்டர், திரும்ப உள்ளே போனது மூன்றரைதான். வார இறுதியில் அம்மாவை வைத்து நீண்ட தூரம் ஓட்ட வேண்டும், பயமாக இருக்கிறது.

கியர்பாக்ஸ்:
ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். மேலே 0.9 அல்லது 1.1 என்று இருக்கும், அது பார் அழுத்தம். அழுத்தம் நிற்காவிட்டால் கூலண்ட் சீக்கிரமே கொதிக்கும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகட்டை, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வகை வேனில் ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே குழாய் தரையோடு நீளமாக ஓடுகிறது, காற்று சிக்கினால் தானாக வெளியே வராது. அது தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் நின்றால் உள்ளே இருக்கும் மெழுகுக்குச் சூடு சரியாக எட்டாது. 82 டிகிரியில் திறக்க வேண்டியது தாமதமாகத் திறக்கும். முள் ஆடுவது அதனால்தான்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் தொடுங்கள். அவசரப்பட்டுத் திறந்த தழும்பு என் முன்கையில் இன்னும் இருக்கிறது. வேனின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஒரே ஒழுக்காக வரும்வரை மெதுவாக ஊற்றி, திருகை இறுக்குங்கள். அப்புறம் மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். மட்டம் திடீரென்று இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிரப்பி, கொதி வருவதற்குள் மூடிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் குமிழி ஓயாமல் வந்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் இறுகினால் அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

நெடுவழி:
அண்ணா, மிக்க நன்றி! இன்னும் 1.3 லிட்டர் உள்ளே போனது. ஹோஸை அமுக்கியதும் பெரிய பெரிய குமிழியாக வந்தது. ஹீட்டர் கொதிக்கிறது. நாற்பது நிமிடம் ஓட்டினேன், முள் பாதிக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கிறது. மூடியும் புதிது போட்டேன்.

பழைய ஸ்பேனர்:
சரி, நல்லது. நாளைக் காலை ஆறின வண்டியில் ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள். மிச்சக் காற்று வெளியேறியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், அதே கூலண்டை ஊற்றுங்கள். வேறு நிறத்தது வேண்டாம். இரண்டு காலை தொடர்ந்து மட்டம் அப்படியே நின்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.