முதலையும் முக்காலியும்: பப்புகளுக்குப் பெயர் சூட்டிய அனுபவங்கள்

இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் காரில் செல்லும் குடும்பங்கள் ஆடும் 'பப் கிரிக்கெட்' விளையாட்டை, லண்டனில் வாழும் நாங்களும் கற்றுக்கொண்டோம். வழியில் தென்படும் பப்பின் பெயரில் எத்தனை கால்கள் உள்ளனவோ, அத்தனை ஓட்டங்கள். 'ரெட் லயன்' என்றால் நான்கு. காலே இல்லாத 'கிரவுன்' என்றால் ஆட்டமிழப்பு. நெடுஞ்சாலையில் பப்புகள் கண்ணில் படாமல் ஆட்டம் படுத்துவிடுவதால், பெயர்களை நாமே புனையலாம் என்று விதியைத் தளர்த்தினோம். கலகம் அங்கேதான் தொடங்கியது. என் மகள் 'முதலையும் முக்காலியும்' என்றொரு பப்பைத் திறந்து ஏழு ஓட்டங்கள் கேட்டாள்; மரக்காலுக்கு ஓட்டம் உண்டா என்ற வழக்கு ஆக்ஸ்ஃபோர்டு சேரும்வரை நீடித்தது. அடுத்து மகன் 'பூரானும் பூசணிக்காயும்' என்றதும், நடுவராக இருந்த என் மனைவி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். பெயரில் வரும் இரண்டு பொருள்களுக்கும் எவ்வித உறவும் இருக்கக் கூடாது, சொல்பவர் முகத்தில் சிரிப்பும் தெரியக் கூடாது என்பது என் கருத்து. 'வாழைப்பழமும் வழுக்கலும்' போன்ற பெயர்கள் சிரிக்க வைக்க முயல்வது அப்பட்டமாகத் தெரிவதால் எடுபடுவதில்லை.

*

மேலே எழுதிய நண்பருக்கு: இந்த விளையாட்டை ஒருவர் தொழிலாகவே நடத்தியிருக்கிறார். டேவிட் புரூஸ் என்பவர் 1979இல் லண்டனின் சதக் பகுதியில் 'கூஸ் அண்ட் ஃபர்கின்' என்ற பப்பைத் தொடங்கினார். ஃபர்கின் என்பது ஒன்பது கேலன் பீர் கொள்ளும் சிறு பீப்பாய். தொடர்ந்து 'ஃபெரட் அண்ட் ஃபர்கின்', 'ஃப்ளவுண்டர் அண்ட் ஃபர்கின்' என்று மோனை தவறாமல் கிளைகள் முளைத்தன. நான் மாணவனாக இருந்தபோது, எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்பதை இந்த வரிசைக்குப் புதுப் பெயர் சொல்லும் போட்டியே தீர்மானித்தது. 'ஃபில்டர் காபி அண்ட் ஃபர்கின்' என்ற என் பெயரை ஆங்கில நண்பர்கள் ஒருமனதாக நிராகரித்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

*

நாங்கள் மான்செஸ்டர் பக்கம் இருக்கிறோம். எங்கள் ஆட்டத்தில் உண்மைப் பெயர்களுக்கு நடுவே ஒரு பொய்ப் பெயரைக் கலந்து சொல்ல வேண்டும். கார்ன்வாலின் 'பக்கெட் ஆஃப் பிளட்' (ரத்த வாளி) பொய்யென்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அது உண்மையான பெயர். பக்கத்து ஊரான ஸ்டேலிபிரிட்ஜிலோ, 'ஓல்ட் தர்ட்டீன்த் செஷயர் ஆஸ்ட்லி வாலண்டியர் ரைஃபிள்மன் கோர் இன்' என்ற மிக நீண்ட பெயரும், 'கியூ இன்' (Q Inn) என்ற மிகக் குறுகிய பெயரும் ஒரே ஊருக்கு வாய்த்திருந்தன. உண்மையோடு போட்டியிட முடியாமல், பெயர் புனைபவர் அதற்கொரு வரலாறும் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தோம். 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒரு கருவாலி (ஓக்) மரத்தில் ஏறி ஒளிந்த கதையிலிருந்து நூற்றுக்கணக்கான 'ராயல் ஓக்' பப்புகள் பிறந்திருக்கும்போது, நாமும் கொஞ்சம் அளக்கலாம் அல்லவா? நான் 'தும்மிய பிஷப்' என்ற பெயரைச் சொல்லி, பிரசங்கத்தின் நடுவே தும்மி மெழுகுவத்திகளை அணைத்த ஒரு பாதிரியாரின் கதையை நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்ட யார்க்‌ஷயர் நண்பர், அந்தப் பப்பில் தம் தாத்தாவுக்கு இன்னும் கடன் பாக்கி இருப்பதாகக் கூறினார்.