பையன் ஃபுட்பால் கோச் ஆகணும் என்கிறான்: புதிதாக அமெரிக்கா வந்த பெற்றோருக்கு

ஒஹாயோவின் கொலம்பஸ் பக்கம் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு அம்மா கேட்டிருந்தார்: மகன் பதினோராம் வகுப்பு, பள்ளி ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் லைனில் ஆடுகிறான், கல்லூரி அணியில் அந்த லைனுக்கே கோச் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், இதில் சோறு கிடைக்குமா? அதற்குக் கிண்டலாகப் பதில் போட்டவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். நியாயமான கேள்வி. சோறு கிடைக்கும், சிலருக்கு நெய்ச்சோறே கிடைக்கும். ஆனால் ஒரே ஊரில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

முதலில் ஆட்டம். நாம் ஊரில் பார்த்த கால்பந்து இல்லை இது. தரையில் கையை ஊன்றி, எதிரணியின் முதல் வரிசைக்கு நேர் எதிரே குனிந்து நிற்கும் மூன்று நான்கு பேர்தான் டிஃபென்சிவ் லைன். பந்தோடு ஓடுபவனை மறிப்பதும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் போய்ப் பிடிப்பதும் அவர்கள் வேலை. நடுவில் நிற்கும் பையன் 130, 140 கிலோ இருப்பான், ஆனாலும் பூனைபோலக் கிளம்புவான். அப்படிப்பட்ட உடம்பு எளிதில் அகப்படாது. அதனால்தான் அவர்களைத் தேடிப்பிடித்துப் பழக்கத் தெரிந்த கோச்சுக்குத் தனி மதிப்பு.

இந்த வேலைக்கு நுழைவுத்தேர்வு, பட்டயப்படிப்பு எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரியில், சின்னக் கல்லூரியானாலும் சரி, ஆடியிருப்பார்கள். அப்புறம் கிராஜுவேட் அசிஸ்டன்ட். ஆமாம், நம் பிள்ளைகள் எம்.எஸ். படிக்கும்போது தவம் கிடந்து வாங்குகிற அதே ஜி.ஏ.தான். முதுகலையில் சேர்ந்திருக்க வேண்டும், ஃபீஸில் சலுகை, கையில் கொஞ்சம் உதவித்தொகை. வேலைதான் வேறு. அடுத்த வாரம் மோத வேண்டிய அணியின் வீடியோவை, பந்து கிளம்பும் ஒவ்வொரு முறையையும் தனித்தனியாக வெட்டி எடுத்து, எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை யார்டு முன்னேற வேண்டும், யார் எங்கே நின்றார்கள் என்று பதிய வேண்டும். எதிரணி ஆடும் விதத்தை அட்டையில் மார்க்கரால் வரைந்து பயிற்சியில் தூக்கிக் காட்ட வேண்டும். விடியுமுன் போனால் இருட்டியபின்தான் வீடு.

அதன்பிறகு அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல் என்ற பெயர்களில், வீடியோவை அலசிக் கோச்சுகளுக்கு உதவும் வேலைகள் உண்டு. முன்பெல்லாம் தலைமைக் கோச்சும் பத்து உதவிக் கோச்சுகளும் தவிர வேறு யாரும் மைதானத்தில் ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று விதி. 2024-இல் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. அதைத் தளர்த்திவிட்டது. அனலிஸ்ட்டும் இப்போது பயிற்சியில் கற்பிக்கலாம். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கும் உரிமை மட்டும் இன்னும் அந்தப் பதினொரு பேருக்குத்தான். கீழ்ப்படியில் நிற்கும் இளைஞர்களுக்கு இது பெரிய வாய்ப்பு என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. லாரி ஜான்சன் என்று தேடிப் பாருங்கள். மேரிலாந்து, வர்ஜீனியா உயர்நிலைப் பள்ளிகளில் நீண்ட காலம் கோச்சாக இருந்தவர். 1996-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அங்கே 18 சீசன், 2014-இல் ஒஹாயோ ஸ்டேட். ஜோயி போசா, நிக் போசா, சேஸ் யங் மூவரும் அவர் கையில் பழகி, என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில் அவரவர் வருடத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் போனவர்கள். 2020 டிசம்பரில் தலைமைக் கோச்சுக்குக் கோவிட் வந்தபோது, மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான ஒரு ஆட்டத்துக்கு இவர்தான் அணியை நடத்தி 52-12 என்று ஜெயித்தார். அதன்பிறகு மறுபடி லைன் கோச்.

எட் ஆர்ஜெரான் கதை நேர் எதிர். லூசியானா சதுப்பு நிலத்துக்காரர். 1984-இல் ஜி.ஏ.வாகத் தொடங்கி, மயாமியில் லைன் கோச்சாகப் பெயர் வாங்கினார். அங்கிருந்து வெளியேறிய பிறகு குடிப்பழக்கத்தோடு போராடி, நிக்கல்ஸ் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் சம்பளமே இல்லாமல் மறுபடி ஆரம்பித்தார். பிறகு சிராக்யூஸ், யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள். 2005-இல் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தலைமைக் கோச். மூன்று சீசனில் 10 வெற்றி, 25 தோல்வி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கௌரவம் பார்க்காமல் மறுபடி லைன் கோச்சாகவே நியூ ஆர்லியன்ஸ், டென்னசி, யு.எஸ்.சி. என்று சுற்றினார். 2015-இல் எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு லைன் கோச்சாக வந்தவர், மறுவருடம் தலைமைக் கோச் நீக்கப்பட்டதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 2019 சீசனில் 15-0, தேசிய சாம்பியன். 2021-இல் அவரையும் கிளப்பிவிட்டார்கள், ஏறத்தாழ 1.7 கோடி டாலர் கொடுத்து!

இதைப் படித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டாம். தலைமை நாற்காலிக்குப் பொதுவாக, தாக்குதலையோ தடுப்பையோ முழுதாகப் பார்த்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர்கள்தான் போகிறார்கள். லைன் கோச் அங்கே போவது அபூர்வம். லைன் கோச்சாகவே இருந்து பெரிய கல்லூரியில் வருடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குபவர்கள் உண்டு, ஆனால் கீழே ஆயிரக்கணக்கானோர் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

பையன் உண்மையில் எதை விரும்புகிறான் என்று தெரிய வேண்டுமானால், கோச்சுகள் சொல்லிக்கொடுப்பதை ஒரு நாள் முழுக்கப் பார்க்க வையுங்கள். ஒரு கழியின் நுனியில் பந்தைக் கட்டித் தரையோடு வைத்திருப்பார் கோச். வாயால் என்னென்னவோ கத்துவார், யாரும் அசையக் கூடாது. பந்து அசைந்த கணத்தில் கிளம்ப வேண்டும். காதை நம்பாதே, கண்ணை நம்பு. முதல் அடி எவ்வளவு நீளம், கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கிறதா, எதிராளியின் நெஞ்சில் கை உள்பக்கமாகப் பட்டதா, இவ்வளவுதான் பாடம். இதையே திரும்பத் திரும்ப. சலிக்காமல் பார்த்தான் என்றால் இவன் தேறுவான். ஸ்டேடியத்தின் ஒரு லட்சம் பேர் சத்தம்தான் அவனை இழுக்கிறது என்றால் டிக்கெட் வாங்கிக் கொடுத்தால் போதும்.

குடும்ப வாழ்க்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைமைக் கோச்சின் தலை உருண்டால் உதவிக் கோச்சுகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார், பழையவர்களில் ஓரிருவர் தங்கினால் அதிர்ஷ்டம். நவம்பர் கடைசியில் சீசன் முடியும், டிசம்பரில் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கும். பிள்ளைகள் பாதி வருடத்தில் பள்ளி மாறுவார்கள், மனைவி புது ஊரில் வேலை தேடுவார். விசாவோடு வந்த நமக்கு இது புரியாத வாழ்க்கை இல்லை.

விசா என்றதும், நிறையப் பேர் யோசிக்காத விஷயம். பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4-இல் பையன் இருந்தால் சம்பள வேலை எதுவும் செய்யக் கூடாது. 21 வயதில் அந்த அந்தஸ்தே முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. கோச்சிங் ஜி.ஏ. நிஜத்தில் செய்யும் மணி நேரத்தை மேலே படித்தீர்கள். படிப்பை ஒட்டிக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியான ஓ.பி.டி.யில் செய்யும் வேலை, படித்த பாடத்தோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், ஆகவே கைனீசியாலஜி (உடல் அசைவியல்), ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் போன்ற மேஜர் கைகொடுக்கும். பல்கலைக்கழக வேலைக்கு எச்-1பி லாட்டரி கிடையாது என்பது உண்மை. ஆனால் கோச் வேலையை அந்த விசாவுக்குத் தகுதியானது என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. நல்ல இமிகிரேஷன் வக்கீலிடம் இப்போதே ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு கைக்கு வந்த குடும்பம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்துப் படிக்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டதற்கு: ஆம், அதுதான் என் யோசனையும். இங்கே பள்ளிக் கோச்சுகளில் நிறையப் பேர் பகலில் கணக்கோ வரலாறோ நடத்துபவர்கள். ஒஹாயோவில் பள்ளிக் கோச்சுக்கென்று தனி அனுமதிச் சான்று உண்டு, முதலுதவி, தலையில் அடிபட்டால் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வரும். கல்லூரிக் கதவு திறக்காவிட்டாலும் மாதச் சம்பளம் நிற்காது.

கல்லூரிக் கோச் வேலைக்குள் நுழைவது எப்படி என்று கேட்ட இன்னொருவருக்கு: ரெஸ்யூமேவை இணையத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஜூன் மாதம் கல்லூரிகள் நடத்தும் முகாம்களுக்குப் பையனை அனுப்புங்கள். முடிந்ததும் கோன் பொறுக்கி, டம்மிப் பைகளைத் தூக்கி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், பெயரைக் கேட்பார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே ஃபுட்பால் அலுவலகத்தில் ஸ்டூடன்ட் மேனேஜர் இடம் இருக்கிறதா என்று நேரில் போய் விசாரிக்கட்டும். ஜனவரிதோறும் கோச்சுகள் சங்கமான ஏ.எஃப்.சி.ஏ.வின் மாநாடு நடக்கும். அங்கே ஹோட்டல் லாபியில் நின்று கை குலுக்கித்தான் பாதி வேலைகள் பேசி முடிக்கப்படுகின்றன. அதற்குக் கல்லூரி மூன்றாம் வருடத்தில் போனால் போதும், இப்போதே விமான டிக்கெட் பார்க்காதீர்கள்.