மறு: கன்டென்ஸ்டு எழுத்துருவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

கன்டென்ஸ்டு, அதாவது அகலத்தைக் குறைத்து வரைந்த எழுத்துருவுக்கு, இந்த இழையில் வந்த 'குறுக்கெழுத்துரு' வேண்டாமே. குறுக்கெழுத்து என்றதும் எல்லாருக்கும் கட்டம் போட்ட புதிர்தான் ஞாபகம் வரும், இலக்கணம் படித்தவர்களுக்கு ஐகாரக்குறுக்கமும் மகரக்குறுக்கமும் வரும், அங்கே குறைவது மாத்திரை, அகலம் இல்லை. இன்னொரு யோசனையான 'நெருக்கெழுத்து' இன்னும் சிக்கல். நெருக்கம் என்பது எழுத்துகளுக்கு நடுவில் விடும் இடத்தைப் பற்றியது, அதை டிராக்கிங்குக்கு வைத்துக்கொள்வோம். இங்கே ஒல்லியாவது எழுத்தின் உடம்பு.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்க்க இம்பாக்ட் எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம், மீம்களில் கறுப்பு ஓரம் கட்டிய வெள்ளை எழுத்தாக வருமே, அதுதான். ஜெஃப்ரி லீ வரைந்து 1965ல் ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. கிடைத்த இடத்துக்குள் முடிந்தவரை மையை நிரப்ப வேண்டும் என்பதே நோக்கம். அதனால் ஆங்கிலச் சிறிய எழுத்துகளே பெரிய எழுத்துகளை எட்டிப்பிடிக்கும் உயரம், மேலும் கீழும் நீளும் கால்கள் குட்டை, எழுத்துக்குள் இருக்கும் வெளி வெறும் கீற்று. 1996ல் மைக்ரோசாஃப்ட் தன் இலவச இணைய எழுத்துருத் தொகுப்பில் இதைச் சேர்த்தது. சுவரொட்டிக்கும் நாளிதழின் பேனர் தலைப்புக்கும் சரி, ஒரு பத்தி முழுக்கப் போட்டால் கண் வலிக்கும்.

ஆக இதில் எடை, அகலம், பயன் என்று மூன்று சங்கதி இருக்கிறது. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் இழை இத்தனை நீளம் போகிறது என்று நினைக்கிறேன். எடைக்குத் 'தடித்த' ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. பயனுக்கு 'டிஸ்பிளே' என்பதை அப்படியே பெயர்த்துக் 'காட்சி' போட்டால் கணினித் திரை என்று எடுத்துக்கொள்வார்கள், 'தலைப்பெழுத்துரு' போதும். அகலத்துக்கு என் முன்மொழிவு 'ஒடுங்கிய', சேர்த்துச் சொன்னால் ஒடுங்கெழுத்துரு. ஒடுங்கிய கன்னம், ஒடுங்கிய சந்து என்று பேச்சிலேயே இருக்கும் சொல். 'ஒடுக்கப்பட்ட' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அது வேறு அரசியல்!

இதில் இன்னொரு வசதி, படி வைக்கலாம். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் அகல அளவில், சாதாரண அகலம் 100% என்றால், 87.5% என்பது சற்றே ஒடுங்கிய, 75% ஒடுங்கிய, 62.5% மிக ஒடுங்கிய. 100க்கு மேலே போனால் அகன்ற.

அப்புறம், சாதாரண எழுத்துருவைப் பக்கவாட்டில் அமுக்கி ஒல்லியாக்குவதை இதோடு சேர்க்கக் கூடாது. டிடிபி வேலையில் அவசரத்துக்கு எல்லாரும் செய்வதுதான், ஆனால் நிற்கும் கோடு மெலிந்துவிடும், படுக்கைக் கோடு பழைய தடிமனிலேயே இருக்கும். அதற்கு 'நசுக்கிய எழுத்து' என்றே பெயர் வைக்கலாம், திட்டுகிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. தமிழில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டையும் தடிமனாக்கி அகலத்தையும் குறைத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு எது எதுவென்றே தெரியாது, வரைபவர் சுழியைத் திறந்து கோட்டை அங்கங்கே மெலித்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஆங்கிலத் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு வரிகளை ஒட்டி அடுக்கிவிடலாம், நமக்கோ மேலே 'கீ'யின் கொக்கி, கீழே 'கு'வின் வால், இரண்டும் மோதும்.

இப்போது கிடைக்கும் எழுத்துருக்களில் அனெக் தமிழ் 75% முதல் 125% வரை அகலம் தருகிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் 62.5% வரை இறங்குகிறது. அதனால் அந்த மூன்று படிக்கும் இப்போதே சொல் தேவை. 50%க்கு 'அதி ஒடுங்கிய' என்பது எனக்கே பிடிக்கவில்லை, வேறு நல்ல அடைமொழி இருந்தால் சொல்லுங்கள்.