டிங்கி தேடியது: புதுப்பிப்பு

திருகோணமலையில் நங்கூரமிட்டு நிற்கும் மாமாவின் யாட்டுக்கும் (உல்லாசப் படகு) கரைக்கும் போய்வர மலிவாக ஒரு பழைய டிங்கி (சின்னப் படகு) வேண்டும் என்று கேட்டிருந்தேனே, கிடைத்துவிட்டது. அதுவும் கடலோரத்தில் இல்லை, இங்கே ஹட்டனுக்குப் பக்கத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடிய, காற்றடித்து நிரப்பும் படகு. புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார்கள்.

முக்கியமான விஷயம், இது ஹைப்பலோன் துணி, அதாவது வெயிலைத் தாங்கும் செயற்கை ரப்பர் பூசியது. பிவிசி பிளாஸ்டிக் என்றால் நம் நாட்டு வெயிலுக்கு ஒட்டுகள் பிசுபிசுத்து விட்டுவிடும், அதனால் மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். நன்னீரிலேயே கிடந்ததால் உப்பும் பிடிக்கவில்லை. காற்றை நிரப்பி, சவர்க்கார நுரையை ஒட்டு ஒட்டாகத் தடவிப் பார்த்தோம். ஒரு வால்வின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன, வால்வை மாற்றினால் சரி. இயந்திரம் மாட்டும் பின்பலகையைத் தட்டிப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்குப் பெரிய நன்றி. எங்கேயும் பொத்தென்ற சத்தம் இல்லை, உள்ளே மரம் உக்கவில்லை.

மலைநாட்டில் வாங்குகிறவர்கள் இதையும் கவனியுங்கள்: ராத்திரிக் குளிரில் படகு கொஞ்சம் தொய்யும், வெயில் ஏறினால் திரும்ப விறைக்கும், அது ஓட்டை இல்லை. அதேபோல 1,000 மீற்றருக்கு மேலே நிரப்பியதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கூட என்பதால் தளர்ந்துதான் இருக்கும். அங்கே போய்த் திரும்ப அடிக்க வேண்டும்.

துடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு ஜோடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.