'டெலிவாஞ்சலிஸ்ட்' – தமிழில் என்ன போடலாம்?

கேள்வி: டிவியில் மதப் பிரசங்கம் செய்து பெயர் பெற்ற அமெரிக்கர் ஜிம் பேக்கர் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'தொலைக்காட்சிச் சுவிசேஷகர்' என்று எழுதினால் மரியாதை வருகிறது, மூலத்தில் உள்ள கசப்பு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டெலிவிஷனும் இவாஞ்சலிஸ்டும் சேர்ந்த சொல், அவ்வளவுதான். 1988-ல் இன்னொரு அமெரிக்க டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் கேமரா முன்னால் கண்ணீர் வழிய மன்னிப்புக் கேட்டார். 1989-ல் பேக்கருக்கு மோசடி வழக்கில் சிறைத்தண்டனை. காணிக்கைப் பணம், ஆடம்பரம் எல்லாம் அந்தச் சொல்லோடு அழுத்தமாக ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

பதில்: 'நற்செய்தியாளர்' மட்டும் வேண்டாம். கத்தோலிக்கர்களுக்கு அது மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். 'டிவி பிரசங்கியார்' போடுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

கேட்டவர்: சரி, பேக்கருக்கு அதுவே. 1950-களில் டிவியில் பேசிய கத்தோலிக்க பிஷப் ஃபுல்டன் ஷீனும் கட்டுரையில் வருகிறார். அவரை 'ஆயர்' என்றே எழுதுகிறேன். பேக்கரோடு அவரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.