இசை சிகிச்சைக்கான முதல் மதிப்பீடு: மனசை விட்டுப் போகாத ஒரு தருணம், பகிருங்கள்

சுருதிப்பெட்டி:
மனச்சிதைவு, பெண்கள் வார்டு, சேர்ந்து 6வது நாள். "என்ன பாட்டு பிடிக்கும்?" என்ற கேள்விக்கு "ஒண்ணும் பிடிக்காது" என்று பதில். மேசையில் கஞ்சிரா, சலங்கை, சின்ன கீபோர்டு, கூடவே ஒரு உடுக்கை. அந்த அம்மா நேரா உடுக்கையை எடுத்தாங்க. நாலே தட்டு. உடம்பு முன்னும் பின்னும் ஆடுது, கண் மேலே சொருகுது, குரல் மாறிப் போச்சு. படிவத்தில் "கிளர்ச்சி, மாயக்குரலுக்குப் பதில் பேசுகிறார்" என்று ஏறிவிட்டது. சாயங்காலம் பார்க்க வந்த தங்கச்சி, "ஆடி மாசம் எங்க ஊர்ல அக்காவுக்கு வருஷா வருஷம் சாமி வரும், இந்த வருஷம்தான் கோயிலுக்குப் போகல" என்றார்.

படிவத்தில் ஏறிய அந்த ஒரு வரியால் மருந்தின் அளவே கூடியிருக்கும். உடுக்கை, பம்பை, உறுமி மூன்றும் வெறும் தாளக்கருவி இல்லை. சாமியாடும் வழக்கம் உண்டா, குலதெய்வக் கோயிலில் என்ன மேளம் என்று வீட்டாரிடம் கேட்காமல் இவற்றை மேசையில் வைக்கக் கூடாது. நடந்துவிட்டால் முதலில் ஒலியை நிறுத்தணும், பிடித்து அமுக்கக் கூடாது. சுற்றி நிற்பவர்களை விலக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தால் போதும். அந்த அம்மா இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாங்க.

மருந்துச்சீட்டு:
மனநோய்க்கான ஹாலோபெரிடால் மருந்து ஆரம்பித்துப் பத்து நாள் ஆன இளைஞர். ஆதி தாளம் போடச் சொன்னால் கை ஒவ்வொரு தட்டுக்கும் பின்தங்குது. "தாள உணர்வு இல்லை, கவனம் சிதறுகிறது" என்று குறிப்பு. அதே நேரத்தில் அவர் வாய் "தகதிமி தகஜணு"வை மெதுவாக, ஒரு அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுதவில்லை!

அது மருந்தால் வந்த விறைப்பு. அந்த விறைப்பைக் குறைக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்த்த பிறகு கையும் ஒத்துப்போனது. ஆகவே தாளத்தைக் கையால் மட்டும் பார்க்காதீர்கள். வாயால் சொல்ல வையுங்கள், நடக்க வையுங்கள். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தில் விரல் நடுங்கும், வீணை மீட்டியவருக்குக்கூட கமகம் (ஸ்வரத்தின் அசைவு) கலையும். பத்து நிமிஷம் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைப்பவருக்கு ஆர்வக்குறைவு என்று போடாதீர்கள், அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்து எடுப்பவருக்குக் காலை அமர்வு வேண்டாம், தூக்கம் அமுக்கும். மின்னதிர்வு சிகிச்சை நடந்த அன்று மதிப்பீடே வேண்டாம்.

மூங்கில்:
இவ்வளவு சிரமம் எதற்கு? ஆனந்தபைரவி ரத்த அழுத்தத்துக்கு, நீலாம்பரி தூக்கத்துக்கு. நோயைத் தெரிந்துகொண்டு ராகத்தைப் போட்டால் போதாதா?

வேப்பமரம்:
மூங்கில், போதாது. நீலாம்பரி ஒருவருக்குத் தாலாட்டு. இன்னொருவருக்கு, குழந்தையை இழந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட பாட்டு. நோயின் பெயர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. சுருதிப்பெட்டி, உங்கள் வார்டிலும் முதல் கேள்வி "என்ன பாட்டு பிடிக்கும்" என்பதாகவே இருந்திருக்கிறது. விருப்பத்தைக் கேட்பது அவசியம்தான். ஆனால் விருப்பம் வேறு, தேவை வேறு.

உளவியலாளர் ஆர்னால்டு லாசரஸ் வகுத்த ஏழு பகுதிகளை வைத்து இசை சிகிச்சையாளர்கள் மைக்கேல் காசிட்டியும் ஜூலியா காசிட்டியும் மனநல இசை சிகிச்சைக்கென்றே ஒரு கேள்வித்தாள் அமைத்தார்கள். நடத்தை, உணர்ச்சி, உடல் உணர்வு, மனக்காட்சி, சிந்தனை, உறவு, கடைசியாக மருந்தும் உடல்நலமும். ஒவ்வொன்றிலும் பிரச்சினை என்ன, இசையில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். "யாரோடும் பேசமாட்டார்" என்பது உறவுப் பகுதி. அவரிடம் சேர்ந்து வாசிக்கச் சொன்னால் மற்றவர் நிறுத்தும்போது நிறுத்துகிறாரா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறாரா, ஒலியை உயர்த்தி மற்றவரை மூடுகிறாரா? இதைக் கவனித்தால் இலக்கு தானே வரும்: "நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஒருவரோடு மாறி மாறி வாசித்தல்". "பழைய பாடல்கள் பிடிக்கும்" என்ற குறிப்பிலிருந்து எந்த இலக்கும் எழுத முடியாது.

பித்து நிலையில் (மேனியா) இருப்பவருக்கு நேராக அமைதியான ஆலாபனை போட்டாலும் எடுபடாது. மனநல மருத்துவர் இரா ஆல்ட்ஷூலர் 1940களிலேயே சொன்னது இது: அவர் இருக்கும் வேகத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். தூக்கமே இல்லாத நாட்களில் அந்த வேகத்தை மேலும் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். அதனால் முதல் மதிப்பீட்டிலேயே அவர் தானாகத் தட்டும் வேகத்தைக் கைக்கடிகாரம் வைத்து 15 விநாடிக்கு எண்ணி, நான்கால் பெருக்கி எழுதி வையுங்கள். அடுத்த வாரம் ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

சாய்வு நாற்காலி:
ஹெட்போன் பற்றி யாரும் சொல்லவில்லை. மாயக்குரல் கேட்கும் ஒருவருக்குப் பாட்டை அதில் போட்டதும் கழற்றி எறிந்தார். "இதுவும் உள்ளேயே வந்து உக்காந்துடுச்சு" என்றார். ஸ்பீக்கரை அவர் கண்ணில் படும்படி எட்ட வையுங்கள், நிறுத்தும் பொத்தான் அவர் கையில் இருக்கட்டும். பாட்டு ஓடும்போது குரல் குறைகிறதா, கூடுகிறதா, பாட்டுக்குள் கலக்கிறதா என்று நிறுத்திய பிறகு தனித்தனியாகக் கேட்கணும்.

தம்புரா:
கடும் மனச்சோர்வு. மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விநாடி, பிறகு அடுத்தது. முதல் கேள்வி, சின்ன வயதில் வீட்டில் யார் பாடுவார்கள். இரண்டாவது, எந்தப் பாட்டு கேட்டால் அழுகை வரும். மூன்றாவது, எந்தக் கருவியை வாசிக்க ஆசை. மூன்றாவதைக் கேட்டு முடிக்கும்போது அவர் வாய் திறந்தார்: "ஆத்தா".

கருவி என்ற கட்டத்தில் "பொருத்தமற்ற பதில்" என்று எழுதப்பட்டது. அவர் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.